வடத்தின் இரு முனைகள்

வானம் பார்த்த சீமை – 17

சென்ற வாரம் கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றி எழுதியபோது ஒரு பேச்சை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன். அதைச் சொல்ல இந்த வாரம்தான் தோது.

திருச்சுழிக்குத் தெற்கே, குண்டாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆயுசில் பாதியைக் கிணற்றுக்குள்ளேயே கழித்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். தமர் அடித்துக் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஏறி வந்த கைகள். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

"இத்தனை வருசத்துல பயந்ததே இல்லையா அய்யா?" என்று கேட்டுவைத்தேன்.

"பயமில்லாதவன நாங்க எறக்கவே மாட்டோம் தம்பி. அவன் வடத்தச் சரியாப் பாக்க மாட்டான்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அவரே தொடர்ந்தார். "எறங்குறவனுக்கு ஒரே வேலதான், மேல நிக்கிறவன நம்புறது. மேல நிக்கிறவனுக்கும் ஒரே வேலதான், வேற பக்கம் திரும்பாம இருக்கிறது. ரெண்டுல எது தப்புனாலும் கெணறு ஆள வாங்கிரும்."

இந்தச் சீமையில் கிணறு வெட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. மேலே கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் உப்பி, கரையைத் தள்ளிக்கொண்டு சரியும். கரிசலைத் தாண்டினால் சுக்கான், அதையும் தாண்டினால் பாறை. சரிவுக்குப் பயந்து மேலிருந்து கல்கட்டிடம் கட்டிக்கொண்டே இறங்க வேண்டும். வெடி போட்ட புகை அடங்குமுன் இறங்கினால் மூச்சு முட்டும். நெடுநாள் மூடிக் கிடந்த கிணறு என்றால் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. ஊர்ப்பெயரிலேயே கிணற்றை வைத்திருக்கும் மல்லாங்கிணறு தொடங்கி, காரியாபட்டி, ரெட்டியபட்டி, பரளச்சி, நரிக்குடி வரை இந்தச் சூத்திரம் தெரியாத கிணற்று வேலைக்காரர் கிடையாது.

கிணற்றுக்குள் மாட்டிக்கொண்டவரை எடுப்பது எப்படி என்பது இங்கே பல தலைமுறையாகத் தெரிந்த வித்தை. அதே வித்தை, அறுபத்தைந்து உயிர்களுக்காக ஒரே இரவில் செய்யப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது நம் சீமையில் இல்லை. கல்கத்தாவுக்கு வடமேற்கே, தாமோதர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆகவே தொடர் இந்த வாரம் மட்டும் அருப்புக்கோட்டையில் ரயிலேறி ராணிகஞ்சில் இறங்குகிறது.

மேலே ஒரு கரி, கீழே ஒரு கரி

கரி என்றால் நமக்குக் கரிமூட்டம்தான். கண்மாய்க் கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே கனிய விட்டு, நாள் கணக்கில் காவல் இருந்து எடுக்கிற கரி. நிலத்துக்கு மேலே விளைந்து, நிலத்துக்கு மேலேயே வெந்து, லாரி ஏறிப் போவது. சுரங்கம் என்று நாம் கண்டதெல்லாம் பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் போன்றவை. வானம் தெரிய வெட்டிய பெரும்பள்ளங்கள். நெய்வேலியும் அப்படித்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போடப் போய்க் கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை அது. அங்கேயும் பழுப்பு நிலக்கரியைத் திறந்த வெளியில்தான் எடுக்கிறார்கள். தமிழர்கள் பூமியின் குடலுக்குள் இறங்கி வேலை பார்த்த இடம் என்றால் கோலார் தங்கவயலைத்தான் சொல்ல வேண்டும்.

ராணிகஞ்சு வேறு மாதிரி. இந்தியாவில் நிலக்கரி வெட்டும் தொழில் தொடங்கிய இடமே அதுதான். 1774-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த சம்னர், ஹீட்லி என்ற இருவர் தாமோதர் ஆற்றங்கரையில் தோண்டத் தொடங்கினார்கள். 1836-இல் அந்தச் சுரங்கம் துவாரகநாத் தாகூரின் கைக்கு வந்தது. கவி ரவீந்திரநாத்தின் தாத்தா அவர். நீராவிக் கப்பலும் ரயிலும் வந்த பிறகு கரிக்குக் கிராக்கி ஏறியது. நிலம் வைத்திருந்தவர், குத்தகை எடுத்தவர், துரை, சேட்டு என்று ஆளாளுக்கு ஒரு குழி போட்டார்கள். லாபம் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆனபோது அரசின் கைக்கு வந்தவை சுரங்கங்கள் மட்டுமல்ல. இருநூறு ஆண்டுப் பழைய பள்ளங்களும் சேர்ந்தே வந்தன. அவற்றில் பலவற்றுக்குச் சரியான வரைபடம் கிடையாது.

நிலக்கரி பூமிக்கடியில் பாய் விரித்த மாதிரி அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். ஓர் அடுக்கை வெட்டும்போது முழுவதையும் வழித்து எடுத்துவிட்டால் கூரை தலையில் இறங்கும். அதனால் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் போலக் குடைந்து, நடுவே சதுரம் சதுரமாகக் கரியையே தூணாக நிறுத்திவிட்டுப் போவார்கள். ஆயிரங்கால் மண்டபம் ஒன்று மண்ணுக்கடியில் இருட்டில் கிடப்பதாக நினைத்துக்கொள்ளலாம். வெட்டி முடித்துக் கைவிட்ட மண்டபத்தில் வருடக்கணக்கில் ஊற்றும் மழையும் இறங்கித் தண்ணீர் நிரம்பும். அதற்குக் கீழேயோ பக்கத்திலோ இன்னொரு மண்டபத்தில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர். அந்தச் சுவரின் கனம் எவ்வளவு என்று பழைய வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

வானம் பார்த்த சீமைக்காரனுக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். தண்ணீருக்காகப் பூமியைத் தோண்டுகிறவர்கள் நாம். ஊற்றுக்கண் உடைந்தால் கிணற்று மேட்டில் குலவை போடுவார்கள். கரிச்சுரங்கத்தில் ஊற்றுக்கண் உடைந்தால் சங்கு ஊதுவார்கள்.

அப்படி ஊதிய சங்குகளில் கொடியது 1975 டிசம்பர் 27-இல் தன்பாத் பக்கத்துச் சாஸ்நாலாவில் ஊதியது. வேலை நடந்துகொண்டிருந்த சுரங்கத்துக்குள் பழைய நீர்த்தேக்கம் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 370-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். யாரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. கரிச்சுரங்கத்தில் வேலை பார்க்கிற எந்தக் குடும்பமும் அந்தப் பெயரை மறக்காது. பதினான்கு ஆண்டு கழித்து ராணிகஞ்சில் சங்கு ஊதியபோது, குழிவாசலில் கூடிய பெண்கள் எதை நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1989 நவம்பர் 13

உலகத்தின் கண்ணெல்லாம் அந்த வாரம் பெர்லினில் இருந்தது. நவம்பர் 9-ஆம் தேதிதான் அங்கே சுவர் திறந்துகொண்டது. இந்தியாவின் கண் தேர்தலில் இருந்தது. வாக்குப்பதிவுக்குப் பத்து நாள்கூட இல்லை. ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் இரவு ஷிஃப்டு நடந்துகொண்டிருந்தது. பொதுத்துறையைச் சேர்ந்த ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் சுரங்கம் அது. உள்ளே இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

கரியை உடைக்க வெடி வைத்தார்கள். அந்த வெடியில், பழைய வேலையில் தேங்கியிருந்த தண்ணீரைத் தடுத்து நின்ற சுவர் விட்டுப்போனது. வெள்ளம் உள்ளே புகுந்தது. ஏறு கூண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஓடி ஏறித் தப்பினார்கள். தண்ணீர் ஏறிக் கூண்டின் பாதையை அடைத்த பிறகு 71 பேர் கீழே நின்றுபோனார்கள். அவர்களில் ஆறு பேரை வெள்ளம் கொண்டுபோனது. மீதி 65 பேர் இருட்டில் தட்டுத்தடுமாறி, சுரங்கத்துக்குள்ளேயே சற்று மேடான ஓர் இடத்தில் ஒண்டினார்கள்.

பம்புகளை வைத்து நீரை இறைத்தார்கள். பழைய பள்ளங்களின் நீரெல்லாம் சேர்ந்து வருகிற இடத்தில் இறைப்புக்கு எவ்வளவு பலன் இருக்கும்? கண்மாய் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு வயலை வடிக்கப் பார்த்த கதைதான். வந்த வழியாக அவர்களை எடுக்க முடியாது என்பது உறுதியானது. புதிய வழி போட வேண்டும். அதுவும் நேராக மேலிருந்து.

அந்த யோசனையை முன்வைத்துப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டவர் ஜஸ்வந்த் சிங் கில். அமிர்தசரஸ் பக்கத்துச் சட்டியாலா கிராமத்தில் 1937 நவம்பர் 22-இல் பிறந்தவர். அமிர்தசரஸ் கால்சா கல்லூரியிலும் பிறகு தன்பாத் இந்தியச் சுரங்கவியல் பள்ளியிலும் படித்தவர். அந்த நேரத்தில் அதே நிறுவனத்தில் கூடுதல் தலைமைச் சுரங்கப் பொறியாளர். ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

இருபத்திரண்டு அங்குலம்

துளை போடுவது என்று சொல்லிவிடலாம். எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. கீழே இருப்பது ஆயிரங்கால் மண்டபம். நடைபாதையின் அகலம் சில மீட்டர்தான். கைப்பிடி தூரம் தவறினால் துளை தூணுக்குள் இறங்கும். ஆட்கள் ஒண்டியிருக்கக்கூடிய மேட்டைத் தரைக்கு மேலே இருந்துகொண்டு புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத வீரம் அளவைக்காரரின் வீரம். காகிதத்தில் கோடு போடுகிறவர் ஒரு மீட்டர் தவறினால் கீழே அறுபத்தைந்து வீடுகளில் விளக்கு அணையும். அவர் குறித்த புள்ளி தவறவில்லை.

முதலில் குறுகிய துளை. அதன் வழியே குரல் போனது. சோறும் குடிதண்ணீரும் போயின. சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்க மட்டும் மேலிருந்து தண்ணீர் போனது. பிறகுதான் ஆள் நுழையும் துளை. அகலம் ஏறத்தாழ 22 அங்குலம், ஆழம் நூறடிக்குச் சற்று மேல். நம் பக்கத்துக் கிணற்றோடு ஒப்பிட்டால் ஆழம் பெரிதில்லை, அகலம்தான் பயமுறுத்துகிறது. நல்ல தேகக்கட்டுள்ள ஆளின் தோளகலத்துக்கு மேல் இருபுறமும் இரண்டு விரற்கடை மிச்சமிருக்கும்.

அந்தத் துளைக்குள் ஆளை வெறும் வடத்தில் கட்டி இறக்க முடியாது. கிணற்றில் கூடை சுற்றினால் காலால் கரையை உதைத்து நிறுத்தலாம். இங்கே கால் மடக்கவே இடமில்லை. துளைச்சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்தால் தலையில் விழும். ஆள் மயங்கிச் சாய்ந்தால் நடுவழியில் செருகிக்கொள்வான். அவனுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வழி அடைந்துவிடும். ஆகவே உருக்குத் தகட்டில் ஒரு கூண்டு செய்தார்கள். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குக் குழாய் வடிவம், கதவு, மேலே வடம் மாட்டும் வளையம். கில் வரைந்து கொடுத்தார். பட்டறைக்காரர்கள் இரவோடிரவாக வெட்டி ஒட்டினார்கள்.

இப்படி ஒரு கூண்டு உலகத்துக்குப் புதிதல்ல. 1955 மே மாதம் ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்தில் மூன்று பேர் சிக்கியபோது, அகலம் நாற்பது சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு குழாயில் அவர்களை இழுத்து எடுத்தார்கள். பார்க்க வெடிகுண்டு போல இருந்ததால் அதற்கு 'டால்புஷ் குண்டு' என்று பெயர் வந்தது. 1963-இல் அதே நாட்டின் லெங்கடே இரும்புச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, பதினான்கு நாள் கழித்துப் பதினொரு பேரை உயிரோடு எடுத்ததும் அந்தக் குண்டுதான். இந்தியாவில் ஒரு கரிச்சுரங்கத்தில் இந்த முறை முதன்முதலாகக் கைகொடுத்தது மகாவீரில்.

யார் இறங்குவது?

துளை முடிந்தது. கூண்டும் வந்துவிட்டது. நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். இனி காலிக் கூண்டை இறக்கி, ஒவ்வொருவராக ஏறி வாருங்கள் என்று சத்தம் போட்டால் போதாதா?

போதாது. மூன்று நாள் இருட்டில், முழங்காலடியில் தண்ணீர் நெளிய, கூடவே வேலை பார்த்தவர்கள் போன திசை தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய வாசல் திடீரென்று கூரையில் திறக்கிறது. முதலில் யார்? கடைசியில் யார்? தள்ளுமுள்ளு வந்து கூண்டின் கதவு வளைந்தால் எல்லாம் முடிந்தது. காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரைக் கூண்டில் ஏற்றி, கையை உள்ளே மடக்கி வைத்து, கதவைச் சாத்தி, இழு என்று சைகை கொடுக்க, கீழே நிதானம் குலையாத ஒருவர் வேண்டும். மேலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார் என்பதே கீழே இருப்பவர்களுக்குப் பாதி உயிரைக் கொடுக்கும். இந்தக் கூண்டு ஆளைத் தாங்கும், வடம் அறாது என்பதற்கு அவருடைய உடம்பே சாட்சி.

மீட்புப் பயிற்சி பெற்ற இருவரை இறக்குவதாக ஏற்பாடு. இறங்க வேண்டிய நேரத்தில் அவர்கள் அங்கே இல்லை. அவர்களைக் கோழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதுவரை ஒரு மனிதனும் போய் வராத துளை, பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த கூண்டு, கீழே ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர். பயப்பட எல்லாக் காரணமும் இருந்தது.

கில் தாமே இறங்குவதாகச் சொன்னார். மேலதிகாரிகள் தடுத்தார்கள். மேலே நின்று மொத்த வேலையையும் நடத்த வேண்டியவர் கீழே போய்ச் சிக்கிக்கொண்டால் யார் நடத்துவது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்கு வேறு கணக்கு இருந்தது. துளையைக் குறித்தது அவருடைய திட்டம், கூண்டு அவருடைய படம். அதை நம்பி இன்னொருவரை இறங்கச் சொல்வதைவிட, தாம் இறங்குவது நேர்வழி. கூண்டுக்குள் நின்றார். கதவைச் சாத்தினார்கள். வடம் நெகிழ்ந்தது.

கீழே கதவைத் திறந்தபோது சுற்றிலும் இருட்டில் கண்கள் மட்டும் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்ற ஒருவரைக் கூண்டில் ஏற்றி முதலில் அனுப்பினார். மேலே போய்ச் சேர்ந்தது தெரிந்ததும் கீழே இருந்த கூட்டம் நிதானத்துக்கு வந்தது. பிறகு அடிபட்டவர்கள், நோயாளிகள், அதற்கப்புறம் மற்றவர்கள் என்று வரிசை. அதிகாலை இரண்டரை மணி வாக்கில் தொடங்கியது காலை எட்டரை வரை நடந்தது. ஆறு மணி நேரத்தில் அறுபத்தைந்து பேர். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆளுக்கு ஐந்தரை நிமிடம். அந்த ஐந்தரை நிமிடத்துக்குள் ஒரு ஏற்றம், ஓர் இறக்கம், கதவைத் திறந்து மூடுவது, அடுத்தவரைத் தயார் செய்வது எல்லாம் அடக்கம். அறுபத்து ஆறாவது ஏற்றத்தில் கில் வந்தார். அத்தனை பேரும் போன பிறகு, தன்னந்தனியாக அந்த இருட்டில், காலிக் கூண்டு திரும்பி வரும் வரை அவர் நின்ற சில நிமிடங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

கிணற்று வேலையில் ஒரு முறை உண்டு. கொத்தனார், மேஸ்திரி என்றாகிவிட்டவர் வடத்தின் மேல்முனையில் நிற்கலாம், அதில் யாரும் குறை காண மாட்டார்கள். உத்தியோகம் உயர உயர மனிதர்கள் வடத்தின் மேல்முனைக்கு வந்துவிடுகிறார்கள். மேல்முனையில் நிற்க முழு உரிமையும் இருந்த ஒருவர், அதை விட்டுவிட்டுக் கீழ்முனைக்குப் போனார். மகாவீரில் நடந்தது அதுதான்.

பதக்கமும் ஆறு பேரும்

1991-இல் உயிர்காப்பு வீரத்துக்கான உயர்ந்த விருதான சர்வோத்தம ஜீவன் ரக்ஷா பதக்கம் கில்லுக்கு வழங்கப்பட்டது. வழங்கிய குடியரசுத் தலைவர் நம்மவர், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். அரசியலுக்கு முன்பு தொழிலாளர் வழக்குகளை நடத்திய வக்கீல் அவர். 1949-இல் தொழிலாளர் சட்டத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியவர். தொழிலாளிக்காக நீதிமன்றத்தில் வாதாடியவரின் கையால், தொழிலாளிக்காகக் குழிக்குள் இறங்கியவர் பதக்கம் வாங்கியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஊரில் அவருக்கு 'கேப்சூல் கில்' என்று பெயர் நிலைத்தது. கோல் இந்தியா நிறுவனம் நவம்பர் 16-ஐ மீட்பு நாளாக நினைவுகூர்கிறது. 2019 நவம்பர் 26-இல் அமிர்தசரஸில் காலமானார். 2023-இல் அக்ஷய் குமார் நடித்து 'மிஷன் ராணிகஞ்ச்' என்று படமாகவும் வந்தது.

அறுபத்தைந்து என்ற எண்ணுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஆறு என்ற எண் மங்கிவிடக் கூடாது. அந்த ஆறு பேரையும் கொன்றது விதியல்ல. இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள் 1957-இலேயே தெளிவாகச் சொல்லியிருந்தன. தண்ணீர் தேங்கியிருக்கக்கூடிய பழைய வேலைக்கு 60 மீட்டர் தூரத்துக்குள் முன்அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. கிட்டப் போக வேண்டுமென்றால் முன்னால் துளை போட்டுப் பார்த்துக்கொண்டேதான் நகர வேண்டும். நம் ஆட்கள் விளக்கை முன்னால் இறக்குகிற அதே புத்திதான். பழைய பள்ளம் எங்கே முடிகிறது என்று தெரியாதபோது அந்த 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? இது ஏழை நாட்டுச் சிக்கல் மட்டுமல்ல. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குவிகிரீக் சுரங்கத்து ஆட்கள் வரைபடத்தை நம்பி வெட்டி, கைவிடப்பட்ட பக்கத்துச் சுரங்கத்தின் தண்ணீருக்குள் உடைத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது பேர் சிக்கினார்கள். அவர்களை எடுத்ததும் இதே மாதிரித் துளையும் கூண்டும்தான். 2010-இல் சிலி நாட்டில் 33 பேர் அறுபத்தொன்பது நாள் கழித்து ஏறி வந்த கூண்டும் அதே குடும்பம். அங்கே ஆழம் மட்டும் ஏறத்தாழ இருபது மடங்கு.

நம்மூர்த் துளைகள்

இப்போது ஊருக்குத் திரும்புவோம். கரிச்சுரங்கம் நமக்கு இல்லை. ஆனால் மேலே இருப்பவர் மறந்துபோன பள்ளம், கீழே போனவரை விழுங்கும் கதை இங்கேயும் உண்டு. அதன் பெயர் ஆழ்துளைக் கிணறு.

தண்ணீர் வரவில்லை என்றதும் குழாயை உருவிக்கொண்டு, ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போகிறோம். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிறுவன் அப்படிப்பட்ட துளைக்குள் விழுந்தான். மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் தாம் வடிவமைத்திருந்த கருவியைத் துளைக்குள் இறக்கி, அவனை உயிரோடு மேலே கொண்டுவந்தார். இங்கே இறங்க வேண்டிய ஆளுக்குப் பதிலாக இயந்திரக் கை இறங்கியது. அதை மேலிருந்து நடத்தியவருடைய பொறுமைதான் வடம். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் அப்படி வாய்க்கவில்லை. ராணிகஞ்சைப் போலவே பக்கத்தில் இணைத்துளை போட்டு ஆளை இறக்கப் பார்த்தார்கள். ராணிகஞ்சு வேறு, நம் தரை வேறு. இங்கே பாறை இயந்திரத்தின் பல்லை உடைத்தது. தீபாவளியன்று தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. நான்கு நாள் போராடியும் குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை.

கைவிட்ட துளையை மண் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. மூடியைப் பற்றவைக்க ஆகும் செலவு ஒரு வேளைக் கறிச்சோற்றுக்கு ஆகாது. நம் சீமையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கமலை ஓடிய காலத்துப் பாழுங்கிணறுகள், சுற்றுச்சுவர் இடிந்து, சீமைக்கருவேலம் வாயை மூடிக் கிடக்கின்றன. எந்தக் காட்டில் எத்தனை என்பது ஆடு மேய்க்கிறவருக்குத்தான் தெரியும். அவர் மனசில் இருப்பதுதான் நம்முடைய ஒரே வரைபடம். அதை ஊராட்சி நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ள ஒருநாள் கூலி போதும்.

இந்த வாரம் கட்டுரையை எழுதி முடிக்குமுன் குண்டாற்றுப் பக்கத்துப் பெரியவரிடம் மறுபடி போனேன். ராணிகஞ்சுக் கதையை முழுக்கச் சொன்னேன். சர்தார்ஜி கூண்டுக்குள் ஏறிய இடத்தில் தலையை மட்டும் அசைத்தார். கடைசி ஆளாக ஏறி வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாராட்டாக ஏதாவது சொல்வார், அதை வைத்து முடித்துவிடலாம் என்று நான் காத்திருந்தேன்.

"அறுபத்தாறு தடவ ஏத்தி எறக்கியிருக்காக" என்றார். "மேல வடத்துல நின்னவுகளுக்கு என்ன குடுத்தாக தம்பி?"

பதக்கம் ஒருவர் பெயரில்தான் எழுதப்படும் அய்யா என்றேன்.

"அது சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எறங்குனவருக்குத் தெரியும்ல, யாரு நின்னாகன்னு. அது போதும்."

(அடுத்த வாரம்: கரிமூட்டக் காவல்)